உறைவதற்கு நல்லது

இரும்புலியூர்
12.11.1989

அன்புள்ள பேபி,

நீ போட்ட இன்லண்ட் கடிதம் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தது. அனகாபுத்தூருக்கும் இரும்புலியூருக்கும் நடுவே தபால்காரர்களுக்கு ஐந்து நாள் வேலை இருந்திருக்கிறது. மூன்று வருடம் கழித்து உன்னிடமிருந்து வரும் முதல் கடிதம், நிதானமாகவே போகட்டும் என்று நினைத்தார்கள் போலும்.

உன் தாவீது பம்ப்செட்டைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார் என்று எழுதியிருக்கிறாய். இரத்தக் குழாயில் அடைப்பு வராமல் இருக்க தினமும் ஆஸ்பிரின் அரை மாத்திரை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தது சரியான காரியம். உன் அண்ணனுக்கு அதை யாரும் சொல்லவில்லை. மூளையில் இரத்தம் உறைந்து, காபி டம்ளரைக் கீழே வைத்த கை வைத்தபடியே என்னை விட்டுப் போனார்.

விஷயத்துக்கு வருகிறேன். என் பக்கத்து வீட்டு ஸ்ரீரங்கன், கல்லூரி ஒன்றின் இரசாயனக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆங்கில விஞ்ஞான மாத இதழ் ஒன்று வாங்குகிறார். புரட்டி முடித்ததும் காம்பவுண்டுச் சுவர்மேல் வைத்துவிடுவார். 'எக்ஸ்ட்ராக்ட்' என்பதை 'எஸ்ட்ராட்' என்று சொல்கிறவர். இதழை வாங்குகிறவர் அவர், படிக்கிறவள் நான் என்று வைத்துக்கொள்.

அதில் ஓமத்தைப் பற்றி ஒரு கட்டுரை. குழந்தைகளுக்கு வயிற்று உப்புசத்துக்குக் கொடுக்கிறோமே, அதே ஓமம்தான். அதன் சாரத்துக்கு, ஸ்ரீரங்கனின் 'எஸ்ட்ராட்'டுக்கு, இரண்டு குணங்களைக் கண்டிருக்கிறார்களாம். ஒன்று, ஆக்சிஜனேற்றத் தடுப்பு. காற்றுப் பட்டு இரும்பு துருப்பிடிக்கிற மாதிரி, காற்றுப் பட்டு எண்ணெயும் கெட்டுச் சிக்கு வாடை அடிக்கிறது. ஓமம் அதைத் தடுக்கும். சோதித்துப் பார்க்காமல் நான் எதையும் எழுதுகிறவள் அல்ல. இரண்டு புட்டிகளில் கடலை எண்ணெய் எடுத்து, ஒன்றில் மட்டும் தட்டிய ஓமத்தை ஊறவைத்து வடித்து, இரண்டையும் நாற்பது நாள் ஜன்னலில் வைத்திருந்தேன். ஓமம் போட்டது அப்படியே இருக்கிறது. மற்றதை மூக்கருகே கொண்டுபோக முடியவில்லை.

இரண்டாவது குணம்தான் உங்களுக்கு முக்கியம். ஓமம் இரத்தம் உறைவதற்கு மிகவும் நல்லது.

ஒரு தேக்கரண்டி ஓமத்தை வெறும் வாணலியில் இலேசாக வறுத்து, தட்டி, இரண்டு டம்ளர் தண்ணீர் ஒன்றாகும் வரை கொதிக்கவைத்து, வடிகட்டிக் கொடு.

'மாத்திரை'க்கு இடையின ரகரம். மூன்று இடத்திலும் நீ வல்லின றகரம் போட்டிருக்கிறாய்.

இப்படிக்கு,
ரத்தினபாய் அந்தோணிசாமி

*

அனகாபுத்தூர்
29.1.1990

அண்ணி,

நல்லா இருக்கீங்களான்னு கேக்குற நெலமையில நான் இல்ல. அவரு ஆஸ்பத்திரில இருந்து வந்து எட்டு நாள் ஆகுது. இன்னும் கஞ்சிதான்.

நடந்ததை வரிசையா எழுதறேன். நவம்பர்ல நீங்க எழுதின கடுதாசியை அவருக்குப் படிச்சுக் காட்டினேன். "இன்னாடி இது, டாக்டர் ரத்தம் உறையக் கூடாதுன்னு மாத்திறை குடுக்கறாரு, உங்க அண்ணி உறையறதுக்கு நல்லதுன்னு ஓமம் குடிக்கச் சொல்லுது. நான் எப்ப போவேன்னு பாத்துகினு கீதா?"ன்னாரு. அப்படிப் பேசாதீங்க, அண்ணி ஏதோ யோசிச்சுத்தான் எழுதி இருப்பாங்கன்னு சொல்லி, கடுதாசியை பைபிளுக்குள்ள வெச்சுட்டேன். ஓமம் குடிக்கல. உங்களுக்கும் எழுதல. அது என் தப்பு.

(மாத்திறைக்கு வல்லினம்தான் போட்டிருக்கேன். நெஞ்சுக்குப் போறது, கொஞ்சம் வலுவா இருக்கட்டும்.)

ஜனவரில அவருக்குக் கடைவாய்ப் பல்லு ஆடி, கன்னம் வீங்கிப் போச்சு. பிடுங்கணும்னாங்க. பல் டாக்டர், இவரு நெஞ்சுக்கு சாப்பிடற மாத்திறை ரத்தத்தைச் சீக்கிரம் உறைய விடாது, ஜாக்கிரதைன்னு சொன்னாரு. எனக்கு அப்பத்தான் உங்க கடுதாசி ஞாபகம் வந்துது. உறையறதுக்கு நல்லதுன்னு எங்க அண்ணியே எழுதி இருக்காங்களே, இப்ப இதுதானே வேணும்னு எனக்கு ஒரே சந்தோஷம். நீங்க சொன்ன பக்குவத்துலயே பத்து நாள், மூணு வேளையும் குடுத்தேன். வூடு முழுக்க ஓம வாசனை.

பதினேழாம் தேதி புதன்கெழம காலைல பத்து மணிக்குப் பல்லைப் பிடுங்கினாங்க. பஞ்சு வெச்சு அனுப்பிட்டாங்க. சாயங்காலம் மூணு மணிக்கு மூணாவது துண்டு நனஞ்சுடுச்சு. பேச வாயத் தொறந்தா ரத்தம். ஆட்டோ வெச்சு தாம்பரம் கூட்டிப் போனோம். பம்மல் தாண்டறதுக்குள்ள அவரு என் கையைப் பிடிச்சுக்கினு கண்ண மூடிட்டாரு. அந்த நேரம் நான் உங்களை நெனச்சது மாதிரி யாரையும் நெனச்சதில்ல அண்ணி. அதை எழுதக் கூடாது.

தையல் போட்டு நாலு நாள் வெச்சிருந்தாங்க. டாக்டரம்மா என்னென்ன குடுத்தீங்கன்னு கேட்டாங்க. ஓமம்னு சொன்னேன், எங்க அண்ணி புஸ்தகத்துல படிச்சு எழுதினாங்கன்னும் சொன்னேன். சிரிக்கல. "ஓமம் உறைய வைக்குமா, உறையாம வைக்குமா? அதைப் படிச்சவங்க யாரு? எழுதி வாங்கிட்டு வாங்க"ன்னாங்க. ஏன்னா அவருக்குக் குடலிறக்கம் வேற முத்திப் போயிருக்கு. மார்ச் மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணியே ஆகணுமாம். பல்லுக்கே இப்படின்னா வயித்தைக் கிழிச்சா என்ன ஆகும்?

உறைய வைக்குமா, வைக்காதா? அதை மட்டும் எழுதுங்க.

பேபி

*

இரும்புலியூர்
3.2.1990

அன்புள்ள பேபி,

கடிதம் கிடைத்தது. தாவீது பிழைத்து எழுந்ததற்கு மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்துதான் எழுதுகிறேன்.

ஆனால் நீ குற்றம் சாட்டும் விதம் எனக்குப் புரியவில்லை. நெஞ்சில் அடைப்பு வந்தவருக்கு நான் எழுதிய கடிதம் அது. என் கணவர் இரத்தம் உறைந்து இறந்ததை அதே கடிதத்தில் எழுதியிருக்கிறேன். அப்படிப்பட்டவள் இரத்தத்தை உறையவைக்கும் பொருளைச் சிபாரிசு செய்வேனா? இரத்தம் உறைவதற்கு நல்லது என்றால் இரத்தம் உறைகிற கோளாறுக்கு நல்லது. தமிழ் தெரிந்த எவருக்கும் இது விளங்கும்.

தவிர, நவம்பரில் நெஞ்சுக்காக நான் சொன்னதை ஜனவரியில் பல்லுக்காகக் கொடுத்தது உன் யோசனை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் என்பதுதான் என் எண்ணம். மூன்று வேளை என்று நான் எங்கே எழுதினேன்? இன்னொன்று. பல் பிடுங்கும் முன் ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்லியிருப்பார்களே, நிறுத்தினீர்களா? அதைப் பற்றி உன் கடிதத்தில் ஒன்றும் இல்லை.

டாக்டருக்கு எழுதித் தருவதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. கட்டுரையை எடுத்துப் பார்த்து முறையாக எழுதி அனுப்புகிறேன். எங்கோ பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ரத்தினபாய் அந்தோணிசாமி

*

அனகாபுத்தூர்
11.2.1990

அண்ணி,

நீங்க கேட்டதுக்கு முதல்ல பதில். மாத்திறைய நிறுத்தல. பல் டாக்டர் ஒரு வாரம் நிறுத்தச் சொன்னாரு. நானும் சொன்னேன். இவரு, "நிறுத்தி நெஞ்சு நின்னுடுச்சின்னா? அதான் ஓமம் குடிக்கறேனே, அது உறைய வெச்சிடும். மாத்திறை பாட்டுக்கு மாத்திறை, ஓமம் பாட்டுக்கு ஓமம்"னு சொல்லிட்டாரு. நானும் சரின்னுட்டேன். இதைப் போன கடுதாசில மறைச்சுட்டேன். அவரு மாத்திறைய நிறுத்தாததுக்குக் காரணம் உங்க கடுதாசிதான், ஆனா நிறுத்தாதது நாங்கதான். யாரு தப்புன்னு யோசிச்சா எனக்குத் தலை சுத்துது.

இன்னொண்ணு. தமிழ் தெரிஞ்ச எவருக்கும் விளங்கும்னு எழுதி இருக்கீங்க. நான் எட்டாவதுதான். ஆனா ஒண்ணு கேக்கறேன். இருமலுக்கு நல்லதுன்னா இருமல் போகும். வயித்து வலிக்கு நல்லதுன்னா வலி போகும். சரி. தூக்கத்துக்கு நல்லதுன்னா? தூக்கம் போகுமா, வருமா? பசிக்கு நல்லதுன்னா? முடி வளர்றதுக்கு நல்லதுன்னு எண்ணெய் விக்கறான், வாங்கித் தேச்சா மொட்டை ஆகும்னா? அப்ப ரத்தம் உறையறதுக்கு நல்லதுன்னா நான் எந்தப் பக்கம் போறது? நெஞ்சு வலி வந்தப்ப அவரு ஒரு பக்கம் போனாரு. பல் பிடுங்கறப்ப நான் அதே பக்கம் போனேன். நீங்க மட்டும் இன்னொரு பக்கம் நின்னுக்கினு இருந்திருக்கீங்க. அது எங்களுக்கு எப்படித் தெரியும்?

இதை இவர்கிட்ட சொன்னேன். "உங்க அண்ணி கான்வென்டுல படிச்சது. தப்பா எழுதாது. உனக்குத்தான் படிக்கத் தெரியல"ன்னாரு. ஆஸ்பத்திரில படுத்து எழுந்தும் அவருக்கு உங்க மேல நம்பிக்கை போகல. நான்தான் கெட்டவ.

அண்ணன் செத்தப்ப நான் உங்களுக்கு நாலு பக்கம் எழுதினேன். சின்ன வயசுல அடையாறு ஆத்துல தண்ணி ஏறினப்ப அண்ணன் என்னைத் தோள்ல தூக்கிக்கினு கோயிலுக்கு ஓடினதெல்லாம் எழுதி இருந்தேன். நீங்க அதைச் சிவப்பு மையில திருத்தித் திருப்பி அனுப்பினீங்க. பத்தொம்போது சுழி. எண்ணிப் பார்த்தேன். கீழ ஒரு வரி, 'இனி கவனமாக எழுதவும்'னு. அதனாலதான் மூணு வருஷம் எழுதல. இப்ப எதுக்கு இதுன்னு கேப்பீங்க. நீங்க எழுதின ஒரு வரியை யாரு திருத்தறது அண்ணி? அதுக்குத்தான்.

ஆபரேஷன் மார்ச் இருபதாம் தேதின்னு குறிச்சுக் குடுத்துட்டாங்க. டாக்டரம்மா மறுபடி கேட்டாங்க. ரெண்டே வார்த்தை போதும்.

பேபி

*

இரும்புலியூர்
19.2.1990

அன்புள்ள பேபி,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. சோதித்துக்கொண்டிருந்தேன்.

நாலாம் தேதி முதல் தினமும் காலை ஏழு மணிக்கு, ஊசியைக் கொதிநீரில் போட்டு எடுத்து விரல் நுனியில் குத்திக்கொண்டேன். உன் அண்ணனின் இரயில்வே கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இரத்தம் நிற்க எத்தனை நேரம் ஆகிறது என்று மை ஒற்றும் தாளால் ஒற்றி ஒற்றிப் பார்த்தேன். முதல் ஏழு நாள் ஓமம் இல்லாமல். அடுத்த ஏழு நாள் மூன்று வேளையும் ஓமத் தண்ணீர் குடித்து. பதினான்கு நாளுக்குப் பதினான்கு குத்து. விரல்களோ பத்துதான்.

ஓமம் குடிக்காத நாட்களில் இரண்டு நிமிடம் பத்து வினாடி, இரண்டு முப்பது, ஒரு நாள் மூன்றரை. குடித்த நாட்களில் இரண்டு இருபது, ஒன்று ஐம்பது, ஒரு நாள் நான்கு. ஆனால் நான்கு ஆன அன்று நான் ஆழமாகக் குத்திவிட்டேன் என்று சந்தேகம். ஒன்று ஐம்பது ஆன அன்று பனி அதிகம், விரல் மரத்திருந்தது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஓமம் உறையவைப்பதாகவும் சொல்லலாம், உறையாமல் தடுப்பதாகவும் சொல்லலாம். ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்லலாம். எண்ணெய்ப் புட்டி இப்படிக் குழப்பவில்லை.

கட்டுரை கிடைத்துவிட்டது. அரிசி டின்னுக்கு அடியில் விரித்திருந்தேன். நான்கு முறை படித்தேன். 'பிளேட்லெட் அக்ரிகேஷனை இன்ஹிபிட் செய்கிறது' என்று இருக்கிறது. அக்ரிகேஷன் என்றால் திரளுதல், ஒன்றுசேர்தல். இன்ஹிபிட் என்றால் தடுத்தல். அந்த ஆசிரியர் இன்னும் தெளிவாக எழுதியிருக்கலாம். இரத்தம் உறைவதோடு இதற்குச் சம்பந்தம் உண்டு என்று தலைப்பிலேயே இருக்கிறது. எந்த விதமான சம்பந்தம் என்பது சூழ்நிலையைப் பொறுத்தது என்று நினைக்கிறேன்.

நீ 'கு' வேற்றுமையைப் பற்றி எழுதியதை யோசித்தேன். தூக்கத்துக்கு, பசிக்கு. நீ சொன்னதில் இலக்கணப் பிழை இல்லை.

சிவப்பு மையைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. எனக்கு அப்போது வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

டாக்டரிடம், விஷயம் ஆராயப்பட்டு வருகிறது என்று சொல்.

இப்படிக்கு,
ரத்தினபாய் அந்தோணிசாமி

*

அனகாபுத்தூர்
1.3.1990

அண்ணி,

அவசரம். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்றேன்.

உங்க கடுதாசியை அவரே வாங்கிப் படிச்சாரு. பாதி புரியல. 'தடுத்தல்'னு இருக்கற எடத்துல வெரலை வெச்சுக்கினு, "பாத்தியா, உறையறதைத் தடுக்குதுன்னு போட்டிருக்கு. அதாண்டி எனக்கு அம்மாம் ரத்தம் போச்சு. மாத்திறை செய்யற வேலைய ஓமமே செய்யுது. அப்புறம் எதுக்கு மாத்திறை? அது வயித்தை எரிக்குது"ன்னு சொல்லி, அன்னில இருந்து மாத்திறைய நிறுத்திட்டாரு. ஓமத் தண்ணி மட்டும் சொம்பு சொம்பா குடிக்கறாரு. உடம்பு துருப்பிடிக்காதாம், ரத்தமும் அடைக்காதாம். பம்ப்செட்டுக்கு எண்ணெய் போடற மாதிரின்னு எதிர் வூட்டு வேதாசலத்துக்கெல்லாம் சொல்லிக்கினு இருக்காரு.

பல்லுக்கு நிறுத்தச் சொன்னப்ப நிறுத்தல. இப்ப சாப்பிடச் சொன்னா சாப்பிடல. எல்லாம் உங்க எழுத்தை நம்பித்தான்.

நேத்து சாம்பல் புதன். கோயில்ல நெத்தில சாம்பல் பூசிக்கினு திரும்பி வர்றப்ப தெரு முனையிலயே நெஞ்சைத் தடவிக்கினு நின்னுட்டாரு. வாயுன்னாரு. அது வாயு இல்ல அண்ணி. நவம்பர்லயும் முதல்ல அப்படித்தான் சொன்னாரு. டாக்டரம்மாகிட்ட போகலாம்னா, "உங்க அண்ணி ஆராய்ச்சி பண்ணிக்கினு கீது, முடிவு வரட்டும்"னு சொல்றாரு.

நான் சொன்னா கேக்க மாட்டாரு. டாக்டர் சொன்னாலும் கேக்க மாட்டாரு. நீங்க ஒருத்தர் எழுதினா கேப்பாரு. உங்களுக்கு நெஜமாவே தெரியுமா, தெரியாதா? இந்த ஒரு தபா எனக்கு மறைக்காம எழுதுங்க. கால்ல விழுந்து கேக்கறேன்னு எழுத வரல. ஆனா விழச் சொன்னா விழறேன்.

பேபி

*

இரும்புலியூர்
5.3.1990

பேபி,

உன் கடிதம் இன்று காலை பத்தரை மணிக்கு வந்தது. இதைத் தபாலில் போடவில்லை. ஸ்ரீரங்கன் தன் ஸ்கூட்டரில் எடுத்து வருகிறார். அவருக்கு ஒரு வாய் காபி கொடு. சர்க்கரை வேண்டாம்.

எனக்குத் தெரியாது.

இதை நவம்பரிலேயே எழுதியிருக்க வேண்டும். அந்தக் கட்டுரையில் 'பிளேட்லெட்' என்ற சொல் பதினோரு இடத்தில் வருகிறது. எனக்கு அதன் பொருள் தெரியாது. 'பிளேட்' என்றால் தட்டு, ஆகவே சின்னத் தட்டு என்று எடுத்துக்கொண்டேன். சின்னத் தட்டுகள் ஒன்றுசேர்வதை ஓமம் தடுக்கிறது என்று வந்தது. ஓமத்துக்கும் தட்டு அடுக்குவதற்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு மாலை முழுவதும் யோசித்தேன். என் அகராதி கன்னியாஸ்திரீகள் பரிசாகக் கொடுத்தது, 1934-ஆம் வருடத்துப் பதிப்பு. அதில் அந்தச் சொல் இல்லை. தலைப்பில் இரத்தம் உறைதல் என்று இருந்தது. கூட்டுமா குறைக்குமா என்று எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்று உனக்கு எழுத மனம் வரவில்லை. உனக்குப் போய் எழுதுவதா என்று நினைத்தேன், அதுதான் உண்மை. 'தடுக்கும்' என்று எழுதினால் தவறாகிவிடலாம், 'கூட்டும்' என்று எழுதினாலும் தவறாகிவிடலாம். 'உறைவதற்கு நல்லது' என்று எழுதினால் எப்படிப் பார்த்தாலும் நான் சரி. அப்படித்தான் அந்த வரி வந்தது. என் அறியாமையை ஒரு 'கு'வுக்குள் வைத்து உனக்கு அனுப்பினேன். பிப்ரவரியில் நான் எழுதிய இரண்டு கடிதங்களும் அதை மூடி மறைக்க எழுதியவை.

உன் கடிதத்தைப் படித்ததும் ஸ்ரீரங்கனிடம் போனேன். காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கமாகவே பதினோரு வருடம் இருந்தாயிற்று. அவர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தைக் காட்டினேன்.

"இதுவா மேடம்? ரத்தத்துல தட்டணுன்னு பொடிசா இருக்கும். காயம் பட்டா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிண்டு ஓட்டையை அடைக்கும். இந்த எஸ்ட்ராட்டை விட்டா அதுகள் ஒட்டிக்கிறது குறையறதுன்னு போட்டிருக்கான்" என்றார்.

"அப்படியானால் ஓமத் தண்ணீர் குடித்தால் இரத்தம் உறையாதா?"

"அது எப்படிச் சொல்றது? இவன் ஈதர்னு ஒரு திரவத்துல ஊறவெச்சு எடுத்திருக்கான். நம்ம ஓமத் தண்ணி வேற. அதுவும் கண்ணாடிக் குழாய்ல இருக்கிற ரத்தத்துல விட்டுப் பார்த்திருக்கான். மனுஷாளுக்குக் குடுத்துப் பாக்கலையே."

"குடித்தால் என்ன ஆகும்?"

"தெரியாது மேடம்" என்று சொல்லிவிட்டு மறுபடி ஸ்கூட்டரைத் துடைக்கத் தொடங்கினார்.

எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார். நான் அந்த வார்த்தையைக் கடைசியாக எப்போது சொன்னேன் என்று யோசித்துக்கொண்டே அவர் வாசலில் நின்றேன். ஞாபகம் வரவில்லை.

ஆக, தாவீதுக்கு அவ்வளவு இரத்தம் போனதற்கு மாத்திரையை நிறுத்தாதது காரணமா, ஓமமும் சேர்ந்ததா, அது எனக்கும் தெரியாது, ஸ்ரீரங்கனுக்கும் தெரியாது. மாத்திரையை நிறுத்தாததற்குக் காரணம் என் கடிதம். அது மட்டும் தெரியும்.

இதற்கு அடுத்து வருவதைத் தாவீதிடம் கொடு. அவரே படிக்கட்டும்.

தாவீது, நான் ஆராய்ச்சி செய்யவில்லை. விரலைக் குத்திக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். ஓமம் உங்கள் மருந்தின் வேலையைச் செய்யும் என்று எவரும் சொல்லவில்லை, நானும் சொல்லக் கூடாது. ஓமத் தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு, இன்றைக்கே பேபியோடு டாக்டரிடம் போங்கள். நெஞ்சைத் தடவிக்கொண்டு தெருவில் நின்றதைச் சொல்லுங்கள். அவர் சாப்பிடச் சொன்னால் மாத்திறையைச் சாப்பிடுங்கள். ஆபரேஷனுக்கு முன்னால் எந்த நாளில் நிறுத்தச் சொல்கிறாரோ அந்த நாளில் நிறுத்துங்கள். ஓமம் எத்தனை நாள் எவ்வளவு குடித்தீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கட்டுரைப் பக்கத்தைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். அவர் படித்துக்கொள்வார். என் மொழிபெயர்ப்பு வேண்டாம்.

பேபி, இதையெல்லாம் நேரில் வந்து சொல்லியிருக்கலாம். முழங்கால் வலி ஒரு சாக்கு. நேரில் வந்தால் எப்படியாவது பேசிச் சமாளித்துவிடுவேன். எழுத்தில் செய்ததை எழுத்தில்தான் திருத்த வேண்டும்.

உன் அண்ணனைப் பற்றி நீ எழுதிய நான்கு பக்கத்தை நான் திருப்பி அனுப்பிவிட்டதால் இன்று அது என்னிடம் இல்லை. ஆற்றில் தண்ணீர் ஏறிய அன்று அவர் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினது வரைக்கும்தான் ஞாபகம் இருக்கிறது. கோயிலில் போய் என்ன செய்தார் என்று நீ எழுதியிருந்தாய். அன்று நான் சுழிகளைத்தான் பார்த்தேன். வைத்திருந்தால் அனுப்பு.

இந்தக் கடிதத்தையும் திருத்தி அனுப்பு. சிவப்பு மையிலேயே.

அண்ணி

*

அனகாபுத்தூர்
25.3.1990

அண்ணி,

ஆபரேஷன் செவ்வாய்க்கெழம நல்லபடியா முடிஞ்சுது. ரத்தம் அளவாத்தான் போச்சாம். நேத்து வூட்டுக்கு வந்துட்டோம். முதல்லயே இதைச் சொல்லிட்டேன், இனிமே நிதானமா படிங்க.

அன்னிக்கு ஸ்ரீரங்கன் சார் வாசல்ல வந்து நின்னதும் உங்களுக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சுட்டேன். காபி குடுத்தேன். சர்க்கரை போடச் சொல்லி ரெண்டாவது டம்ளர் கேட்டு வாங்கிக் குடிச்சாரு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னாரு.

உங்க கடுதாசியை இவரு கண்ணாடி போட்டுக்கினு ரெண்டு வாட்டி படிச்சாரு. சொம்புல இருந்த ஓமத் தண்ணிய எடுத்துக்கினு போய் வாசல்ல கொட்டினாரு. அப்புறம், "இம்மாம் படிச்ச பொம்பளையே தெரியாதுங்குது. எனக்கு மட்டும் இன்னாத்தத் தெரியும்? கெளம்புடி"ன்னாரு. ஸ்ரீரங்கன் சார் தாம்பரம் வரைக்கும் ஸ்கூட்டர்லயே இவரைக் கூட்டிக்கினு போனாரு. நான் பின்னாடியே பஸ்ஸுல போனேன். டாக்டரம்மா ஈசிஜி எடுத்துப் பார்த்துட்டு, இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா வேற மாதிரி ஆகியிருக்கும்னு சொன்னாங்க. மாத்திரைய மறுபடி ஆரம்பிச்சு, ஆபரேஷனுக்கு ஒரு வாரம் இருக்கறப்ப நிறுத்தச் சொன்னாங்க. இந்தத் தபா சொன்ன அன்னிக்கே நிறுத்தினாரு.

நீங்க குடுத்த பக்கத்தை அவங்களே வெச்சுக்கிட்டாங்க. ஓமம் உறைய வைக்குமா வைக்காதான்னு நான் மறுபடி கேட்டேன். "இதைப் படிச்சா உறைய விடாதுன்னு தோணுது. ஆனா டம்ளர்ல குடிச்சா என்ன பண்ணும்னு எனக்கும் தெரியாதும்மா. ஓமப்பொடி சாப்பிடுங்க, கஷாயம் வேணாம்"னாங்க. ஆக மொத்தம் யாருக்கும் தெரியல. எனக்கு இப்ப அது ஒரு மாதிரி நிம்மதியா இருக்கு.

அன்னிக்கு ஆட்டோல உங்களை நெனச்சேன்னு எழுதினேன் இல்ல, அதை மனசுல வெச்சுக்காதீங்க. வெச்சுக்கினாலும் சரி.

ஞாயித்துக்கெழம வாங்க. பல்லாவரத்துல எறங்கினா பம்மல் வழியா பஸ் இருக்கு. முழங்காலுக்குக் கஷ்டம்னா ஸ்ரீரங்கன் சாரைக் கேளுங்க, கூட்டிக்கினு வருவாரு. இவருக்கு உங்ககிட்ட இங்கிலீசுல எதோ கேக்கணுமாம். தெரியாதுன்னு சொல்லிடுங்க.

நீங்க கேட்ட நாலு பக்கத்தையும் இதோட வெச்சிருக்கேன். மூணாவது பக்கத்துல இருக்கு, அண்ணன் கோயில்ல போய் என்ன செஞ்சாருன்னு. அந்த எடத்துல உங்க சுழி ரெண்டு இருக்கு, அதைத் தாண்டிப் படிங்க.

சிவப்புப் பேனா எங்க வூட்ல இல்ல. சரோஜினி டீச்சர்கிட்ட வாங்கினேன். உங்க கடுதாசியை நீங்க சொன்னபடியே திருத்தி அனுப்பறேன். மூணு தபா முழுக்கப் படிச்சேன். ஒரே ஒரு எடத்துலதான் சுழிச்சிருக்கேன். 'மாத்திறையைச் சாப்பிடுங்கள்'னு எழுதி இருக்கீங்க. அது இடையினம் அண்ணி. மத்த எடத்துல எல்லாம் சரியாத்தான் போட்டிருக்கீங்க.

"தப்பா எழுதிடுச்சா, வேணும்னே எழுதிச்சா?"ன்னு இவரு கேட்டாரு.

தெரியாதுன்னுட்டேன்.

பேபி